அம்மாவை ‘அம’ ஆக்கியவர் யார்?



அண்மையில் எங்கள் பள்ளியில் அன்னையர் நாள் கொண்டாடினோம். ஆறாம் ஆண்டு மாணவர்கள் தாங்களே படம்பிடித்து, தாங்களே தொகுத்த நான்கு நிமிடக் காணொலி ஒன்று மண்டபத்துத் திரையில் ஓடியது. தலைப்பு, தட்டச்சு செய்வதைப்போல் ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றும்படி அமைத்திருந்தார்கள். முன்வரிசையில் தரையில் அமர்ந்திருந்தவர்கள் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் புதிதாகக் கற்றுக்கொண்ட உற்சாகம் அவர்களுக்கு. திரையில் கண்டதைக் கண்டபடியே உரக்கப் படித்தார்கள்.

“அ… அம… அம்… அம்ம… அம்மா!”

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், அம்மாணவர்களுக்கு வழிகாட்டிய இளைய ஆசிரியர் சிரிக்கவில்லை. என் பக்கம் சாய்ந்து, “இலவசமாகக் கிடைத்த மென்பொருள்தானே, ஐயா! இதற்கு மேல் என்ன எதிர்பார்க்க முடியும்?” என்றார்.

அந்த ஒரு சொற்றொடர்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. உழைப்பாளி, நல்ல ஆசிரியர். கோபமெல்லாம் அந்த எண்ணத்தின்மீதுதான். அவ்வெண்ணம் அவர் ஒருவருடையது அன்று, நம் அனைவருடையதும்கூட.

பிழை எங்கே பிறந்தது?

முதலில் பிழையைப் புரிந்துகொள்வோம். ‘அம்மா’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? இரண்டாம் ஆண்டு மாணவனைக் கேட்டாலும் மூன்று என்பான்: அ, ம், மா. ஆனால், கணினி அச்சொல்லைச் சேமிக்கும்போது யூனிகோடு முறைப்படி ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கிறது: அ, ம, புள்ளி, ம, கால். அந்த மென்பொருள் எழுத்தை எண்ணவில்லை, குறியீட்டை எண்ணியது. ஆகவேதான் ஐந்து படிகளில் அம்மா வந்தாள். இரண்டாம் படியில் ‘அம’ ஆனாள்! ‘தமிழ்’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான். நமக்கு மூன்று எழுத்து; கணினிக்கு ஐந்து குறியீடு.

ஆங்கிலத்தில் ‘மதர்’ என்னும் சொல்லுக்கு ஆறு எழுத்து, குறியீடும் ஆறே. ஆகவே, ஆங்கிலத்தில் சோதித்துப் பார்க்கும் நிரலரின் கண்ணுக்கு இப்பிழை தென்படவே தென்படாது. அவர் சோம்பேறியும் அல்லர். தமிழ்ப் பகைவரும் அல்லர். அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்தவர் யார்? மெய்யெழுத்தையும் உயிர்மெய்யெழுத்தையும் நாள்தோறும் கரும்பலகையில் எழுதும் நீங்களும் நானும்தான்.

தீர்வு எட்டாத உயரத்திலும் இல்லை. பல குறியீடுகள் சேர்ந்து ஓர் எழுத்தாவதை எவ்வாறு கண்டறிவது என்பதற்கு யூனிகோடு அமைப்பே விதி வகுத்திருக்கிறது. கேடென்லைவ், ஷாட்கட் ஆகிய இரு கட்டற்ற தொகுப்பு மென்பொருள்களுக்கும் அடித்தளமாக இருக்கும் ‘க்யூட்டி’ என்ற நிரல் தொகுதியில், எழுத்தின் எல்லையைக் கண்டறியும் கருவி ஆயத்தமாகவே உள்ளது. ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ போன்ற கூட்டெழுத்துகளுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். ஆக, எங்கள் திரையில் அம்மா தடுமாறியது அந்த மென்பொருளுக்கு நாம் காசு கொடுக்காததால் அன்று. ஒரு சொல் சொல்லாததால்!

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல்தான். அதனால் அவர்கள் பல்லாண்டுகளாக விளக்கம் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனார்கள். நமக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. ‘இலவசம்’ என்று ஒரு சொல். ‘கட்டற்றது’ என்று வேறொரு சொல். இத்தனை தெளிவான மொழியை வைத்துக்கொண்டு, அத்தனையையும் ‘இலவசம்’ என்றே அழைக்கிறோம். அழைத்த மறுகணமே அன்னதான வரிசையில் நிற்பவரின் மனநிலை நமக்கு வந்துவிடுகிறது. போட்டதைத் தின்றுவிட்டுப் போக வேண்டும். உப்பில்லை என்று சொல்லலாகாது!

கட்டற்ற மென்பொருளின் உரிமத்தைப் படித்துப் பாருங்கள். எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று ஆராயலாம், படியெடுத்துப் பகிரலாம், திருத்தி வெளியிடலாம். இந்நான்கும் சலுகைகள் அல்ல, உரிமைகள். நிரல் எழுதத் தெரியாத நமக்குத் திருத்தும் உரிமை எதற்கு என்பீர்கள். திருத்தத் தெரிந்தவரிடம் ‘இதைத் திருத்துங்கள்’ என்று பொதுவெளியில் எடுத்துச் சொல்லலாம்; அவர் திருத்தாவிட்டால் வேறொருவர் திருத்தவும் வழி திறந்தே இருக்கும். விலை கொடுத்து வாங்கும் மூடிய மென்பொருளில் இந்த இரண்டாவது கதவு கிடையாது.

நாம் செய்வது என்ன?

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய பிறகு, இந்நாட்டு ஆசிரியர்களில் பலர் ஒரே இரவில் காணொலித் தயாரிப்பாளர் ஆனோம். அதற்குப் பிறகு நாம் நடந்துகொண்ட விதத்தைச் சற்றே நேர்மையாக எண்ணிப் பார்ப்போமா?

ஒரு சாரார் திருட்டு மென்பொருளை நாடினோம். பூட்டு உடைக்கப்பட்ட மென்பொருள் விரலியில் (பென்டிரைவில்) கைமாறி, ஆசிரியர் அறைக் கணினிகளில் குடியேறியது. அடுத்த அறையில் அதே ஆசிரியர் நன்னெறிக் கல்விப் பாடத்தில் ‘நேர்மை’ நடத்துகிறார். பிள்ளைகள் பாடநூலைப் பார்த்தா கற்கிறார்கள்? நம்மைப் பார்த்தல்லவா கற்கிறார்கள்!

இன்னொரு சாரார் திறன்பேசிச் செயலிகளிடம் அடைக்கலம் புகுந்தோம். காணொலியின் மூலையில் யாரோ ஒரு நிறுவனத்தின் முத்திரை. அதை நீக்க வேண்டுமானால் மாதச் சந்தா. பிள்ளைகளின் முகங்கள் எந்த நாட்டுக் கணினியில் போய்ச் சேர்கின்றன என்று நாமும் கேட்பதில்லை, பெற்றோரும் கேட்பதில்லை.

மூன்றாம் சாரார் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தினோம். பயன்படுத்தி, புலனக் குழுக்களில் புலம்பினோம். “திடீரென மூடிக்கொள்கிறது.” “எழுத்து சரியாக வரவில்லை.” “பயன்படுத்தவே முடியாது.” இவற்றை யாரிடம் சொன்னோம்? நம்மைப் போலவே தவிக்கும் மற்ற ஆசிரியர்களிடம்! திருத்தக்கூடியவர் ஒருவரேனும் அக்குழுவில் இருந்தாரா?

மென்பொருட் பிழையைத் தமிழில் ‘வழு’ என்கிறோம். எவ்வளவு பொருத்தமான சொல்! இலக்கணத்தில் வழு ஏழு என்று கற்பிக்கிறோம். தக்க காரணம் இருந்தால் வழுவையும் ஏற்றுக்கொள்வது வழுவமைதி. ‘இலவசம்தானே’ என்பது நாம் கண்டுபிடித்த புதிய வழுவமைதி. இலக்கண ஆசிரியர்கள் காரணம் காட்டி அமைத்தார்கள். நாம் காரணமே இல்லாமல் அமைத்துக்கொள்கிறோம்.

சொன்னால் கேட்பார்களா?

கேட்டிருக்கிறார்கள். நடந்தவற்றையே சொல்கிறேன்.

பிளெண்டர் என்ற முப்பரிமாண அசைவூட்ட மென்பொருளைப் பாருங்கள். அதற்குள் காணொலித் தொகுப்புப் பகுதியும் உண்டு. 2002இல் அதை நடத்திய நிறுவனம் மூடப்பட்டபோது, டான் ரூசண்டால் என்பவர் பயனர்களிடம் கையேந்தினார். ஏழு வாரங்களில் 100,000 யூரோ திரண்டது. மென்பொருள் விலைகொடுத்து மீட்கப்பட்டுக் கட்டற்றதாயிற்று. ஆயினும், அதன் பயன்பாட்டு முறை புதியவர்களை விரட்டியது. உலகமே இடப்பொத்தானால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, பிளெண்டர் மட்டும் வலப்பொத்தானைக் கேட்டது. புதியவர்கள் ஆண்டுக் கணக்கில் முறையிட்டார்கள். பழையவர்கள் ‘பழகிக்கொள்’ என்றார்கள். 2019இல் வெளிவந்த 2.80ஆம் பதிப்பில் இடப்பொத்தானே இயல்புநிலை ஆயிற்று, முகப்பும் புதுப்பிக்கப்பட்டது. 2025இல் ஆஸ்கர் விருதில் சிறந்த அசைவூட்டப் படமாகத் தேர்வான ‘ஃப்ளோ’ என்ற லாட்வியப் படம் பிளெண்டரில் உருவாக்கப்பட்டதே. ‘இலவசம் என்றால் இவ்வளவுதான்’ என்போர் இதற்கு என்ன விடை சொல்வார்கள்?

கேடென்லைவை எடுத்துக்கொள்வோம். 2002இல் ஜேசன் வுட் என்ற தனியொருவர் தொடங்கியது. பின்னர்ப் பலர் கைகோத்து வளர்த்தது. வசன வரிகள் சேர்க்கும் கருவி 2020 டிசம்பரில் வந்த 20.12ஆம் பதிப்பில் இடம்பெற்றது. 2022இல் அக்குழு 15,000 யூரோ இலக்கு வைத்து நிதி திரட்டியது. ஒரு தொகுப்புக்குள் இன்னொரு தொகுப்பை அடக்கும் வசதியும் அப்போது அறிவித்த பணிகளில் ஒன்று. இலக்கைத் தாண்டி நிதி சேர்ந்தது. 2023 ஏப்ரலில் வந்த 23.04ஆம் பதிப்பில் அவ்வசதியும் வந்து சேர்ந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேடென்லைவும் ஷாட்கட்டும் ‘எம்எல்டி’ என்ற ஒரே இயந்திரத்தின்மீது ஓடும் இரு வண்டிகள். இயந்திரத்தில் உள்ள ஒரு பழுது நீங்கினால் இரண்டுக்குமே நன்மை. ஒருவர் எழுதும் ஒரு முறையான அறிக்கை, அவர் பெயரைக்கூடக் கேட்டிராத ஆயிரமாயிரம் பேருக்கு உதவும். புலனக் குழுவில் புலம்புவது யாருக்கு உதவியது?

எல்லாம் உடனே நடக்கும் என்று நான் ஏமாற்ற மாட்டேன். ஓப்பன்ஷாட் 2013இல் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தன் இரண்டாம் தலைமுறைப் பதிப்பை அறிவித்தது. அது பயனர் கைக்கு வர 2016 ஆயிற்று. சில பரிந்துரைகள் ஆண்டுக் கணக்கில் கிடக்கும், சில மறுக்கப்படும். ‘வேண்டுமானால் நீங்களே நிரல் எழுதி அனுப்புங்கள்’ என்று முகத்தில் அறைந்தாற்போல் சொல்லும் நிரலர்களும் உண்டு. அவர்களுக்கும் ஒன்று சொல்வேன். நோயாளியிடம் ‘நீயே மருத்துவம் படித்துவிட்டு வா’ என்பது மருத்துவம் ஆகாது. வலிக்கும் இடத்தைச் சரியாகக் காட்டும் நோயாளி, மருத்துவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கிறார். பயனரின் முறையீடும் ஒரு பங்களிப்பே.

திருத்துவது நமக்குத் தெரியாதா?

‘அறிக்கை எழுத எங்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாதே’ என்பார்கள். தொழில்நுட்பம் தேவையில்லை. நாம் நாள்தோறும் செய்யும் வேலைதான் இது. மாணவனின் கட்டுரையில் ‘சரியில்லை’ என்று மட்டும் எழுதி நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்போமா? எந்த வரி, எந்தச் சொல், எழுத்துப் பிழையா, சந்திப் பிழையா என்று சிவப்பு மையால் காட்டுவோம். மென்பொருளுக்கும் அதையே செய்யுங்கள்.

1. ஓர் அறிக்கையில் ஒரே குறை. பத்துக் குறைகளை ஒன்றாகக் கொட்டினால் ஒன்றும் திருந்தாது.

2. மென்பொருளின் பதிப்பு எண், கணினியின் இயங்குதளம் இரண்டையும் தவறாமல் குறிப்பிடுங்கள்.

3. எதை அழுத்தினீர்கள், அடுத்து எதை அழுத்தினீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள்.

4. என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும். இவை இரண்டும் தனித்தனியே இருக்கட்டும்.

5. பிழை தெரியும்படி ஐந்து வினாடிக் காணொலியோ ஒரு திரைப்படமோ இணையுங்கள். பிள்ளைகளின் முகமும் பெயரும் அதில் இருத்தல் கூடாது.

6. இதே குறையை வேறு யாரேனும் முன்பே தெரிவித்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், அதன்கீழ் உங்கள் சான்றைச் சேருங்கள்.

எளிய ஆங்கிலம் போதும். பிழையான ஆங்கிலமும் போதும்! அவர்கள் நம் ஆங்கிலத்துக்குப் புள்ளி போடப் போவதில்லை.

வகுப்பறையிலிருந்து என் பரிந்துரைகள்

புலம்புகிறவனாக நானும் நின்றுவிடக் கூடாதல்லவா? மாணவர்களோடு அமர்ந்து தொகுத்த பட்டறிவிலிருந்து சில பரிந்துரைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, எழுத்தை எழுத்தாக எண்ணுவது. தட்டச்சு விளைவு மட்டுமன்று. வசன வரியை இரண்டாக வெட்டும்போதும், ஒரு வரிக்கு எத்தனை எழுத்து என்று கணக்கிடும்போதும் இதே கவனம் வேண்டும். குறியீட்டை எண்ணினால் தமிழ் வரி உள்ளதைவிட நீண்டதாகக் கணக்காகும்.

இரண்டாவது, வீட்டுக்குக் கொண்டுபோகும் கோப்பு. தொகுப்புக் கோப்பில் படங்களும் ஒலிகளும் இருப்பதில்லை. அவை கணினியில் எங்கே இருக்கின்றன என்ற முகவரி மட்டுமே இருக்கிறது. பிள்ளைக்கு இது தெரியாது. அந்தச் சிறிய கோப்பை மட்டும் விரலியில் எடுத்துப் போகிறான். வீட்டில் திறந்தால் ஒன்றுமே இல்லை. அப்பாவிடம் ஏச்சு வாங்குகிறான். எல்லாவற்றையும் ஒன்றாகப் பொதிந்து தரும் வசதி கேடென்லைவில் உண்டு. ஆனால், அது பட்டியலுக்குள் ஒளிந்திருக்கிறது. விரலியில் சேமிக்கும்போதே, ‘படங்களையும் சேர்த்துக் கட்டித் தரவா?’ என்று மென்பொருளே கேட்க வேண்டும்.

மூன்றாவது, பழைய கணினிகள். திறன்பேசிகள் இன்று பெரிய அளவில் படமெடுக்கின்றன. பள்ளிக் கணினிகள் திணறுகின்றன. தொகுக்கும்வரை சிறிய பதிலிப் படத்தை வைத்துக்கொண்டு, இறுதியில் மூலப்படத்தைப் பயன்படுத்தும் வசதி கேடென்லைவிலும் ஷாட்கட்டிலும் இருக்கிறது. கணினி திணறுவதைக் கண்டால் அவ்வசதியை மென்பொருளே முன்மொழிய வேண்டும். தெரிந்தவருக்கு மட்டும் உதவும் வசதி, கற்பவருக்கு வசதி ஆகாது.

நான்காவது, தொடக்க முகப்பு. நூறு பொத்தான்களைக் கண்டு பத்து வயதுப் பிள்ளை மிரள்கிறது. வெட்டு, ஒட்டு, தலைப்பு, இசை, ஏற்றுமதி, இவ்வைந்து போதும். இதற்கு நிரலரையும் காத்திருக்க வேண்டியதில்லை. கேடென்லைவில் வேண்டாத பலகங்களை மூடி, முகப்பை நாமே எளிமையாக்கிச் சேமிக்கலாம். ஓர் ஆசிரியர் அரைமணி நேரம் ஒதுக்கினால் அந்த வகுப்புக்கே உதவும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். உங்களில் கணினித் துறையில் பணிபுரிவோர் பலர். பள்ளி விழாவுக்குக் கூடாரம் கட்டித் தருகிறீர்கள், நன்றி. ஒரு மாலைப் பொழுது வந்து, எங்கள் முறையீட்டை நிரலருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர மாட்டீர்களா? பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுக்கு ஒரு முறை நூறு ரிங்கிட்டை இத்தகைய மென்பொருட் குழு ஒன்றுக்கு நன்கொடையாக அனுப்பினால் சங்கம் நொடித்துவிடுமா?

இது தமிழரின் பழைய பழக்கம்தான். ‘எ-கலப்பை’யை மறந்துவிட்டீர்களா? யாரோ செய்து தருவார்கள் என்று காத்திராமல், தன்னார்வலர்கள் உழைத்து உருவாக்கியதால்தானே அன்று நம்மில் பலர் கணினியில் தமிழ் தட்டினோம்? அந்தத் தலைமுறை கேட்டது, செய்தது. நாம் பெற்றோம், புலம்புகிறோம்.

முடிவாக ஒன்று. அன்னையர் நாள் முடிந்த மறுவாரம், அந்த ஆறாம் ஆண்டு மாணவர்களையும் இளைய ஆசிரியரையும் கணினி அறையில் உட்கார வைத்தேன். ‘அம்மா’ ஐந்து படிகளில் தோன்றுவதைச் சிறு காணொலியாக எடுத்தோம். மேலே சொன்ன ஆறு விதிகளின்படி, என் கணக்கிலிருந்து அறிக்கையை அனுப்பினோம். சில நாள்களில் மறுமொழி வந்தது. பிழை திருத்தப்பட்டது என்று அன்று, ஒரு கேள்வி. உங்கள் மொழியில் ஓர் எழுத்து என்பது எது? சில சொற்களை, அவை தோன்ற வேண்டிய வரிசைப்படி எழுதி அனுப்ப முடியுமா?

நன்னூல் நடத்தியவர்களே, இதைவிட இனிய கேள்வியை யாரேனும் உங்களிடம் கேட்டதுண்டா? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247 எழுத்துகள் என்று மனப்பாடம் செய்து, தேர்வோடு மறந்துவிடும் செய்தியை, கண்காணாத நாட்டில் ஒருவர் தம் நிரலைத் திருத்துவதற்காகக் கேட்கிறார். அம்மா, தமிழ், கொக்கு, மௌனம், எஃகு என்று மாணவர்கள் பட்டியலிட்டார்கள். ‘கொ’ ஓர் எழுத்தா, இரண்டா என்று அவர்களுக்குள் ஒரு வாக்குவாதமே நடந்தது. எத்தனையோ ஆண்டுகளாக எழுத்திலக்கணம் நடத்துகிறேன். அதற்காகப் பிள்ளைகள் சண்டையிட்டு அன்றுதான் கண்டேன்.

பட்டியல் போய்ச் சேர்ந்துவிட்டது. திருத்தம் இன்னும் வரவில்லை, காத்திருக்கிறோம். ஆனால், அந்த இளைய ஆசிரியர் இப்போது ‘இலவசம்தானே’ என்று சொல்வதில்லை. “அடுத்து எதை எழுதலாம், ஐயா?” என்று கேட்கிறார்.

நீங்கள் எதை எழுதப் போகிறீர்கள்?